சாக்ஸுக்குள் வரைந்த வட்டம்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை தங்கள் அறையில் நடந்த விசாரணையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேசையின் தலைப்பக்கம் தாங்கள். தங்கள் வலப்பக்கம் ரத்தக்குழாய் அறுவைத் துறையின் தலைவர், வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். இடப்பக்கம், வேறு மருத்துவமனையிலிருந்து தாங்கள் வரவழைத்த நிபுணர் அம்மா. மேசையின் மறுமுனையில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எங்கள் பயிற்சி மருத்துவர். துறையில் எல்லோரும் அவரைக் குருவி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். சன்னலோரம் சக்கர நாற்காலியில் தையல்காரர். அவர் பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி, மடியில் பிளாஸ்டிக் பை. கதவை ஒட்டி நான்.

எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் அது பொருத்தமாக இருந்திருக்காது.

பொருள்: தையல்காரர் அவர்களின் வலது கால் குறித்து.

என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். இந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்தா என்றீர்கள், ஆம் என்றேன். கருவி நன்றாக வேலை செய்கிறதா என்றீர்கள், ஆம் என்றேன். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று கேட்பீர்கள் என்று நாற்காலியின் நுனிக்கே வந்து உட்கார்ந்திருந்தேன். தாங்கள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டீர்கள். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி வைப்பது என் சுபாவம். சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவன். அங்கே கடிதம் எழுதுவதற்கென்றே வாரத்தில் ஒரு வகுப்பு இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எழுது, பாதியில் தாவாதே என்பார்கள். அப்படியே எழுதுகிறேன்.

நான் தரைத்தளத்துப் பரிசோதனை அறையின் டெக்னீஷியன். இருபத்து நாலு வருடமாக அதே அறை. ஒரு கட்டில், கையிலும் கணுக்காலிலும் சுற்றுகிற பட்டைகள், பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவி. களிம்பு தடவி அந்தப் பேனாவைப் பாதத்தில் வைத்தால் உள்ளே ஓடும் ரத்தத்தின் ஓசை கேட்கும். நல்ல காலில் சாட்டை வீசுவது போலக் கேட்கும். கெட்டுப்போகிற காலில், அடுத்த வீட்டு வாசலை யாரோ பெருக்குவது போல. கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். விடை ஒன்றை ஒட்டி வந்தால் நல்ல கால். பாதிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. ஓசை கேட்ட இடத்தில் தோலின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவேன், அடுத்து வருகிறவர்கள் தேடி அலையாமல் விரல் வைக்கட்டும் என்று. இவ்வளவுதான் என் வேலை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மூன்றாம் மாடியில் கத்தியை எடுப்பதா வேண்டாமா என்பது அந்த வகுத்தலின் விடையில் நிற்கிறது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் உண்மையாகவே தவறு செய்தேன். ஒரு கொத்தனாருக்கு வலது காலின் எண்ணை இடது கட்டத்திலும் இடது காலின் எண்ணை வலது கட்டத்திலும் எழுதிவிட்டேன். தாள் மேலே போய்விட்டது. கால் மணி நேரம் இருக்கும். அப்போது பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர் படியில் தடதடவென்று இறங்கி வந்து கதவில் நின்றார். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணா, நீங்க இடது, வலது மாத்திட்டீங்க. நான் தொட்டுப் பார்த்தேன்."

தொட்டுப் பார்த்தேன் என்று அவர் சொன்ன விதம் இருக்கிறதே, முதல் தடவை சைக்கிள் ஓட்டிய பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்வது மாதிரி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் மாறிவிட்டார்.

அந்தப் பெண்தான் இன்று தங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நிபுணர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

எங்கள் துறைத் தலைவர் வாரா வாரம் வகுப்பில் ஒன்று சொல்லிச் சலித்துக்கொள்வார். "இப்ப வர்ற பசங்க பேப்பரைப் படிக்கிறாங்க, காலைப் படிக்க மாட்டேங்கறாங்க" என்பார். சொல்லிவிட்டு அறுவை அரங்குக்குப் போய்விடுவார். அதற்கு என்ன செய்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். அந்தக் கொத்தனாரின் தாள் எனக்கு வழி காட்டியது. பேப்பர் பொய் சொல்லும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், பிறகு அந்தக் கை காலைத் தேடித் தானே போகும். அதற்கு யாராவது ஒருவர் பேப்பரைப் பொய் சொல்ல வைக்க வேண்டும்.

விளையாட்டாகச் செய்தேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. எனக்கு விதிகள் இருந்தன. அவசர நோயாளிக்கு ஒருபோதும் செய்வதில்லை. ஒரே நாளில் இரண்டு செய்வதில்லை. விரல் வைத்தால் பதினைந்து விநாடியில் கண்டுபிடிக்கக்கூடிய பொய்யாக மட்டுமே எழுதுவது. உண்மை எண்ணைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வைப்பது. அதோடு, விடையைப் பாதத்திலேயே விட்டு வைப்பேன். சரியான தாளுக்குப் பெருக்கல் குறி. பொய்த் தாளுக்கு அதே இடத்தில் ஒரு சின்ன வட்டம். சாக்ஸைக் கழற்றுகிறவருக்கு வட்டம் கண்ணில் படும். பட்டால் விரல் போகும். விரல் போனால் வேலை முடிந்தது. இதைவிட நியாயமான பரீட்சை எந்தக் கல்லூரியில் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மாலை நாலு மணி வரைக்கும் யாரும் வரவில்லை என்றால் நானே மேலே போய், தாள் மாறிவிட்டது, மன்னிக்கவும் என்று சரியான எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

பத்தொன்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தாள். மாதத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. நூற்று எழுபத்தொன்றை அவர்களே கண்டுபிடித்தார்கள். அம்மா, அந்த நூற்று எழுபத்தொரு தடவையும் படியில் ஓசை கேட்கும்போது எனக்கு வந்த கிறுகிறுப்பை நான் எழுத்தில் எப்படிக் கொடுப்பேன். முதலில் ஓடி வரும் செருப்புச் சத்தம். அப்புறம் கதவில் ஒரு தலை. "அண்ணா, தப்பா நினைக்காதீங்க" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் நெற்றியில் அடித்துக்கொள்வேன். கண்ணைக் கசக்குவேன். நடிப்பு எனக்கு இவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று நடப்பேன். சில நாள் இரண்டு சுற்று.

பயிற்சி முடித்துப் போகிறவர்கள் எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. என்னிடம் நாலு கண்ணாடி இருக்கிறது. என் பார்வையில் ஒரு குறையும் இல்லை.

மீதி நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டை நாலு மணிக்கு நானே திருத்தினேன். மிச்சம் மூன்று. ஒருவர் நான் மேலே போவதற்குள் வெளியூர்ப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். கொடுத்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று என் கடிதம் திரும்பி வந்தது. இன்னொருவர் அன்று இரவே போய்விட்டார். இதயம் என்று எழுதினார்கள், நானும் அதையே நம்புகிறேன். மூன்றாமவர் தையல்காரர்.

இங்கே குருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் சின்ன உருவம். நடந்துகொண்டே சாப்பிடுவார், சட்டைப்பையில் எப்போதும் அரை பன் இருக்கும். விரல் மட்டும் பொன் என்று சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் அவருக்கு ஆறு தாள் கொடுத்தேன். ஆறையும் பிடித்தார். ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு வந்தபோது என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, வீட்ல அண்ணி சமையல்ல உப்புக்குப் பதிலா சர்க்கரை போட்டாலும் சாப்பிட்டுட்டு வந்துடுவீங்க போல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் களிம்புக் குப்பி உருண்டுவிட்டது. ஆறாவதைப் பிடித்த மறுநாள், தன் சம்பளத்தில் வாங்கியதாகச் சொல்லி ஒரு கண்ணாடியை என் மேசையில் வைத்தார். "இதைப் போட்டுக்கிட்டுத்தான் இனிமே எழுதணும். என் மேல சத்தியம்" என்றார். மற்றவர்கள் கிளம்பும்போதுதான் கொடுத்தார்கள். இவர் வந்த வருடமே கொடுத்தார்.

நான் இளகிவிட்டேன். அவருக்குத் தாள் கொடுப்பதை நிறுத்தினேன். ஒரு வருடத்துக்கு மேல், பதினாலு மாதம், அவர் கைக்குப் போன ஒவ்வொரு எண்ணும் சுத்தமான எண். இந்தக் கடிதத்தில் என் குற்றம் என்று நான் ஒப்புக்கொள்வது எதை என்று பிறகு யாராவது கேட்டால், இந்தப் பத்தியைக் காட்டுங்கள். நல்ல மாணவரைப் பதினாலு மாதம் பரீட்சை இல்லாமல் விட்டது என் குற்றம்.

ஏனென்றால் போன மாதம் ஒரு மத்தியானம் அவர் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டே சொன்னார்: "அண்ணா, நான் வாங்கிக் குடுத்த கண்ணாடி நல்லா வேலை செய்யுது. இப்பல்லாம் நீங்க தப்பே பண்றதில்ல. கூட்டமா இருந்தா நான் சாக்ஸே கழட்டறதில்ல. உங்க நம்பர் இருக்கும்போது எனக்கு எதுக்குக் கை."

பாராட்டுத்தான். என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில் பெரிய பாராட்டு அதுதான். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். ஒரு டெக்னீஷியனை நம்பி ஒரு டாக்டர் கையையே மடக்கி வைத்துக்கொள்கிறாரா என்று அவளும் வாயைப் பிளந்தாள். ஆனால் படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தலைவர் சொல்லும் அதே நோய் குருவிக்கு வந்துவிட்டது. பயிற்சி முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. அதன்பிறகு முப்பது வருடம் அவர் சாக்ஸைக் கழற்றாமலே கால் பார்ப்பார்.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரர் வந்தார்.

அவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். இந்த மருத்துவமனையின் வெள்ளை அங்கிகளில் பாதி அவர் தைத்தவைதான். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வலது காலில் அடைத்துப்போன குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மாற்றுக் குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். கட்டிலில் ஏறிப் படுத்தார் என்றால் வாய் ஓயாது. "நீங்க என் காலை அளக்கறீங்க, நான் உங்க இடுப்பை அளக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில் சார்" என்பார். அன்று ஒரு தொழில் ரகசியம் சொன்னார். இடுப்பளவு எடுக்கும்போது வாயால் சொல்வதை ஒரு அங்குலம் குறைத்தே சொல்வாராம். வந்தவர் மகிழ்ந்துபோவாராம். துணியை மட்டும் உண்மை அளவுக்கு வெட்டிவிடுவாராம். நான் சிரித்துக்கொண்டே பேனாவை அவர் பாதத்தில் வைத்தேன். அவர் சொன்னது சரிதான், எங்கள் இருவருக்கும் ஒரே தொழில்.

பேனாவில் வாசல் பெருக்கும் ஓசைதான் கேட்டது, அதுவும் விட்டு விட்டு. வகுத்தால் பூஜ்யம் புள்ளி நாலு ஒன்று. பாதம் லேசாகக் குளிர்ந்திருந்தது. வைத்த குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. அன்றே வார்டில் சேர்த்துக் குழாயைத் திறந்திருந்தால் சரியாகியிருக்கும். அவசரம் என்று சொல்ல முடியாது. அவசரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மயிரிழை. என் விதி மீறப்படவில்லை. நோட்டில் நாலு ஒன்று என்று எழுதினேன். குருவி கொடுத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன், அவர் மேல் சத்தியம் அல்லவா. தாளில் ஒன்பது இரண்டு என்று எழுதினேன். பாதத்தில் ஒரு வட்டம் போட்டேன்.

"என்ன சார், பொத்தான் வைக்கிற இடமா?" என்றார் தையல்காரர். ஆமாம் என்றேன். சாக்ஸை மெதுவாக மேலே ஏற்றிவிட்டேன். அவருக்குக் குனிய முடியாது.

அன்று வெளிநோயாளர் பிரிவில் எழுபது பேர். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு ஒரு செருப்புச் சத்தம், கேன்டீன் ஆள். ஒன்றேகாலுக்கு ஒன்று, யாரோ கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். நாலு மணிக்கு மேலே போனேன். ஒரு நோயாளிக்கு ரத்தம் நிற்கவில்லை என்று குருவி அறுவை அரங்குக்குப் போய்விட்டிருந்தார். தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். சீட்டின் நகலில் குருவியின் கையெழுத்தில், நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வரவும் என்று இருந்தது.

ஆறரைக்குக் குருவி வெளியே வந்தார். அந்த நோயாளி பிழைத்துவிட்டார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, என் டீயில் பாதியைக் கேட்காமலே எடுத்துக் குடித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். தாள் மாறிவிட்டது என்ற இரண்டு வார்த்தை எனக்கு மனப்பாடம். முப்பத்தெட்டு தடவை சொன்னது. ஆனால் அம்மா, முப்பத்தெட்டு தடவையும் அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சரி அண்ணா என்பார்கள், அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்த விடை ஒட்டாது. இவர் குருவி. ஆறுக்கு ஆறு வாங்கியவர். ராத்திரி படுக்கும்போது அந்தச் சாக்ஸ் அவருக்கு ஞாபகம் வரும், காலையில் ஓடி வருவார் என்று எனக்கு அவ்வளவு உறுதி. அவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை நானே ஒரு குறிப்புக் கொடுத்தேன். தையல்காரர் கால் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்குண்ணா. ஒன்பது ரெண்டு போட்டிருந்தீங்களே" என்றார். வாயில் பன்.

அதற்கடுத்த நாளும் பொறுத்தேன். தையல்காரரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. என் கால்சட்டைப் பையில், அவர் கடை ரசீதின் மேலேயே அச்சடித்திருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எண்ணில் மூன்று ஏழு. கூப்பிட்டிருந்தால் கால் பிழைத்திருக்கும், பாடம் போயிருக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் எல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஜுரம் வந்தது போன்ற குஷி. பரீட்சை இவ்வளவு நீண்டதில்லை. படியில் யார் நடந்தாலும் எழுந்து நிற்பேன்.

ஐந்தாம் நாள் காலை தையல்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சாக்ஸைக் கழற்றியது குருவிதான். விரல்களிலிருந்து பாதத்தின் நடுவரைக்கும் கறுத்திருந்தது. என் வட்டம் அப்படியே இருந்தது. குருவி அந்த இடத்தில் விரலை வைத்தார். பதினைந்து விநாடி அல்ல, இரண்டு நிமிடம் வைத்திருந்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அந்த விரலை நான் மறக்கமாட்டேன். இனிமேல் தன் காலம் முழுக்க எந்தக் காலையும் தொடாமல் விடமாட்டேன் என்று அந்த விரல் சொன்னது. நூற்று எழுபத்தொரு பேரில் யாருக்கும் நான் இவ்வளவு ஆழமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. மறுநாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

முப்பது வருடம், வருடத்துக்கு ஐந்நூறு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினையாயிரம் கால். அதில் நூற்றில் ஒன்று, தொட்டதால் பிழைத்தது என்றால் நூற்றைம்பது கால். இந்தப் பக்கம் ஒன்று. நான் வகுத்தல் மட்டும் படித்தவன்; ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரிகிறது.

இனி, இன்று காலை நடந்த விசாரணைக்கு வருகிறேன். தையல்காரரின் மனைவி பேசினார். பாதம் சில்லென்று இருக்கிறது என்று அன்றே டாக்டரிடம் சொன்னாராம். நம்பர் நன்றாக இருக்கிறது அம்மா, பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அப்புறம் மடியிலிருந்த அந்தப் பிளாஸ்டிக் பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சார் போட்ட குறி அழிஞ்சிடக் கூடாதுன்னு, அஞ்சு நாளும் இந்தக் கவரைக் கால்ல கட்டிக்கிட்டுத்தான் குளிச்சாரு. தைக்கிறதுக்கு முன்னாடி சாக்பீஸ் குறியை அழிக்கக் கூடாதுன்னாரு." அது என்ன குறி என்று அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டையில் ஏறியது, இருமினேன். தாங்கள் தண்ணீர் கொடுக்கச் சொன்னீர்கள். நன்றி.

அடுத்து, நிபுணர் அம்மா குருவியைப் பார்த்துச் சொன்னார்: "தாள் என்ன வேணா சொல்லட்டும். நான் பயிற்சியில இருந்தப்ப ஒரு தாள்ல இடதும் வலதும் மாறி வந்துச்சு. தொட்டதாலதான் கண்டுபிடிச்சேன். அன்னைலேர்ந்து தொடாம நான் ஒரு காலைக்கூட விட்டதில்ல. தொடாத கைக்குக் கத்தி குடுக்கக் கூடாது." தங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். குட்டைக் கால் நாற்காலி என்னோடு சேர்ந்து ஆடியது.

குருவி ஒரு வார்த்தைகூட என் மேல் போடவில்லை. குழாய் பிறகு அடைத்திருக்கலாமே என்று துறைத் தலைவர் கைகொடுக்கப் பார்த்தபோதும், "இல்ல சார். தாள் சரியோ தப்போ, தொடாதது நான்தான்" என்றார். வெளியே வந்ததும் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சரியாத்தான் அளந்திருப்பீங்க சார். என் கால்தான் உங்களை ஏமாத்திடுச்சு" என்றார். நல்ல மனிதர். மிதிக்கிற தையல் இயந்திரத்துக்குப் பதில் மோட்டார் வைத்தது வாங்கலாம் என்று யோசனை சொன்னேன்.

இப்போது இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்கிறேன். குருவியைப் பயிற்சியிலிருந்து நீக்கப்போகிறீர்கள் என்று தங்கள் முகத்தில் தெரிந்தது. செய்யாதீர்கள். அவருக்கு இப்போதுதான் முழுதாகக் கற்பித்து முடித்திருக்கிறேன். இனிமேல் அவரை அனுப்பிவிட்டால் அந்தக் கால் வீணாகப் போய்விடும். தையல்காரருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவல்ல. பூஜ்யம் புள்ளி நாலு ஒன்றை ஒன்பது இரண்டு என்று எழுதியவன் நான். தெரிந்து எழுதினேன். தெரிந்து ஐந்து நாள் பேசாமல் இருந்தேன். இதை வாக்குமூலமாகவே வைத்துக்கொள்ளலாம். கீழே கையொப்பம் இட்டிருக்கிறேன். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். கெட்டவன் என்று மட்டும் கோப்பில் எழுத வேண்டாம். கற்பித்தவன் என்று எழுதலாம். அதற்குச் சான்று தங்கள் இடப்பக்கமே உட்கார்ந்திருந்தது.

இணைப்பு: ஒன்றுமில்லை. உண்மை எண்கள் உள்ள நோட்டை இதோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் அது எனக்கு நாளைக்குத் தேவைப்படுகிறது.

தங்கள் அறை எனக்கு நேர் மேலேதான், இருபத்திரண்டு படி. நேரில் கொடுக்கலாமே என்று மனைவி சொன்னாள். கடிதம் என்றால் தபாலில்தான் போக வேண்டும். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சாதாரணத் தபால், மூன்று நாள். வியாழக்கிழமை தங்கள் மேசைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தீர்ப்புக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பரிசோதனை அறை டெக்னீஷியன்

(உறையின் பின்பக்கத்தில், ஒட்டிய பிறகு எழுதியது)

பின்குறிப்பு: இன்று புதிதாக இரண்டு பயிற்சி மருத்துவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பளிச்சென்று இருக்கிறார்கள், பார்க்கவே மனசு குதிக்கிறது. நாளைக் காலை அவர்கள் பார்க்கப்போகும் ஆறு பேரை இன்று மாலையே அளந்து தாள் எழுதி மேலே அனுப்பிவிட்டேன். ஐந்து தாள் சரி. இதை உள்ளே எழுதாமல் வெளியே எழுதியதற்குக் காரணம் உண்டு. உறையைப் பிரிக்காமலே யாருடைய கண்ணிலாவது படலாம், புரட்டிப் பார்த்தால் போதும். பசை காய்ந்துவிட்டது. பெட்டியில் போடுகிறேன்.